அடுப்பில் வைத்த ஞாபகம்

என் முகத்தை அவ்வளவு பெரிதாக நான் அதுவரை பார்த்ததில்லை. ஈப்போ பழைய டவுனில் இருக்கும் எங்கள் நாசி கண்டார் சோற்றுக் கடையின் முகப்பை மறைத்துக்கொண்டு அத்தா ஒரு பேனர் கட்டியிருந்தார். "மனித மூளையைக் கண்டுபிடித்த எங்கள் மகள் நூருல் ஹுதாவுக்கு இளம் ஆய்வாளர் விருது! மனமார்ந்த வாழ்த்துகள்!" என்று சிவப்பு எழுத்து. பக்கத்தில் நான். கடைப் பலகைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று என் நீலத் தலைமுக்காட்டை, தூடோங்கைக் கம்ப்யூட்டரில் பச்சையாக்கியிருந்தார்கள்.

"அத்தா, மூளைய யாரும் கண்டுபிடிக்கல. அது ஏற்கெனவே எல்லார்கிட்டயும் இருக்கு."

"எல்லார்கிட்டயுமா? நம்ம கடைக்கு வாரவனுங்கள பாத்துட்டுமா அப்படிச் சொல்றே?" என்றார் ஏணியைப் பிடித்திருந்த அத்தா.

ஜைனுலாப்தீன் என்ற என் அத்தாவோடு வாதாடி ஜெயித்தவர்கள் இந்த ஊரில் கிடையாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஊரே அவரை எதிர்த்து நிற்கும். ஈப்போவில் எது ருசியாக இருந்தாலும் தண்ணீரைத்தான் காரணம் சொல்வார்கள். தாவுகே பயற்று முளை கொழுகொழுவென்று இருந்தால் தண்ணீர். கொய்த்தியாவ் நூடுல்ஸ் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் தண்ணீர். காப்பி மணத்தால் தண்ணீர். சுண்ணாம்பு மலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீராம். அத்தாவுக்கு இந்தப் பேச்சே ஆகாது. "அப்ப என் கை? கேமரன் மலையிலேர்ந்து வாங்கியார தேயிலை? எல்லாம் சும்மாவா?" என்று வாடிக்கையாளர்களோடு மல்லுக்கு நிற்பார். தண்ணி என்று வாய் தவறிச் சொன்னவருக்கு அடுத்த தேத்தண்ணியில் சீனி குறையும்.

நானும் என் ஆய்வகக் கூட்டாளி சுரேனும் செய்தது மூளை அல்ல, மெமரிஸ்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னச் சில்லு. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒரு படலம். புல்திடலில் ஆட்கள் ஒரே தடத்தில் நடக்க நடக்க ஒற்றையடிப் பாதை விழுகிறதில்லையா? அதுபோல மின்சாரம் போகப் போக அந்தப் படலத்துக்குள் வழி விழும். மின்சாரத்தை நிறுத்தினாலும் வழி அழியாது. எவ்வளவு நடந்தார்கள் என்பது அதற்கு ஞாபகம் இருக்கும். நம் நரம்புகளும் ஏறக்குறைய இப்படித்தான் கற்றுக்கொள்கின்றன. அதனால்தான் மூளையைப் போல வேலை செய்கிற கணினிக்கு உலகம் முழுக்க இந்தச் சில்லைப் பிடித்துக்கொண்டு அலைகிறார்கள்.

நாங்கள் அதை ஒரு சின்னப் பலகையில் பொருத்தி, ஒரு பொத்தானும் ஒரு குட்டி விளக்கும் வைத்திருந்தோம். பொத்தானை அழுத்த அழுத்த விளக்கின் வெளிச்சம் கூடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மறுநாள் வந்து அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து எரியும். சின்னப் பிள்ளைகளுக்குக்கூடப் புரிகிற வேடிக்கை. இந்த வேடிக்கைக்காக நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் அழுகை வரும்.

சுரேன் பக்கத்து ஊரான செமோர்க்காரன். அவன் பாட்டன்கள் பால் மரம் வெட்டிய ரப்பர் தோட்டம் எப்போதோ வீடமைப்புத் திட்டமாக மாறிவிட்டது. மரமும் இல்லை, லயமும் இல்லை. ஆனால் அவன் பேச்சில் தோட்டம் அப்படியே இருக்கிறது. காலையில் ஆய்வகத்துக்கு வந்ததும் எல்லாச் சில்லுகளையும் வரிசையாக அழுத்திச் சோதிப்பதற்கு அவன் வைத்த பெயர் பெரட்டு. விடியுமுன் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. "ஹுதா, இன்னிக்குப் பெரட்டுல எல்லாரும் ஆஜர்!" என்று அவன் கத்தினால் அன்றைய பொழுது நன்றாக விடிந்ததென்று அர்த்தம்.

விருது எங்கள் இருவருக்கும்தான். பேனரைக் கட்ட உதவ வந்தவன், அதில் தன் பெயர் இல்லாததைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லலா, மூளைய கண்டுபிடிச்சது நீ, எனக்கு அது இல்லன்னு ஊருக்கே தெரியும்," என்றான். அத்தா வெட்கப்பட்டுப்போய் அவனுக்கு ஒரு வாரம் சாப்பாடு சும்மா என்று அறிவித்தார்.

பேனரின் கடைசிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் துளசி அக்கா போன் செய்தார். விருது கொடுக்கிற கிந்தா தமிழ் அறிவியல் மன்றத்தின் செயலாளர்.

"ஹுதா, ஒரு சின்ன விஷயம்லா."

துளசி அக்கா சின்ன விஷயம் என்றால் உட்கார்ந்து கேட்பது நல்லது. நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"தனேஸ்வரன் சார் உங்க சாமான டெஸ்ட் பண்ணிட்டாரு. ஒண்ணுமே எரியலையாம். செத்த சாமான்னு சொல்றாரு."

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பையன், இணையத்தில் வாங்கிய ட்ரோனுக்கு வண்ணம் பூசி, தன் கண்டுபிடிப்பு என்று விருது வாங்கிப் போய்விட்டான். மன்றத்தின் மானம் கப்பலேறியது. அதிலிருந்து விருதுக்கு வரும் எந்தப் பொருளையும் குழுவில் ஒருவர் தன் கையால் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வருடம் அது தனேஸ்வரன். ஜெலாப்பாங்கில் ஒரு சிப் தொழிற்சாலையில் தரச் சோதனைக்குத் தலைவர். அவரிடம் நான்தான் போன வாரம் ஒரு பலகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது அது பளிச்சென்று எரிந்தது.

"அக்கா, நான் ஏமாத்துறேன்னு சொல்றாங்களா?"

"நான் சொல்லலம்மா. ஆனா கமிட்டியில அந்த ட்ரோன் பையன் பேர எடுத்துட்டாங்க. நீ ஒரு வார்த்தை சார்கிட்ட பேசிடேன்."

தலைக்கு மேலே என் முகம் பச்சைத் தூடோங்கோடு சிரித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே நின்றிருந்த எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பயமும் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. பொய்க்காரி என்று வேறு எந்த ஊரில் சொன்னாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். சொந்த ஊரில் சொன்னால் எங்கே போவது?

மறுநாள் காலை நானும் சுரேனும் ஜெலாப்பாங்கில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். வெள்ளைக் கோட்டு, ஒழுங்காகக் கத்தரித்த மீசை, சட்டைப் பையில் வரிசையாக மூன்று பேனா. எங்கள் பலகையை ஒரு வெள்ளித் தாள் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினேன். இல்லை.

"என்ன சார் பண்ணீங்க இத?"

"வழக்கமா பண்றதுதான். சாமான் உள்ள வந்தா மொதல்ல ஓவன் அடுப்புல வைப்போம். ராத்திரி முழுக்க. ஈரம் எல்லாம் போகட்டும்னு."

"ஓவன்லயா? எங்கள ஒரு வார்த்தை கேக்காமலா?"

"ஈரத்தோட இருக்கிற சிப்ப ஈயம் பத்த வச்சா சோளப்பொரி மாதிரி வெடிக்கும். எங்க லைன்ல வாரது எதுவா இருந்தாலும் காய வச்சுட்டுதான் தொடுவோம். மழையில நனைஞ்சி வாரவனுக்குத் துண்டு எடுத்துக் குடுக்க, அவன்கிட்ட கேட்டுட்டா குடுப்பாங்க?"

"சார், நீங்கதான் அதக் கொன்னுட்டீங்க!" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. சுரேன் மேசைக்கடியில் என் காலை மிதித்தான்.

தனேஸ்வரன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எங்கள் கட்டுரையைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார். "இத நான் எழுதலம்மா. நீங்க எழுதியிருக்கீங்க. படலத்துக்குள்ள ஆக்சிஜன் இல்லாத ஓட்டைங்க நகருது, அதான் ஞாபகம்னு. இதவிட அதிக சூட்டுலதான் இந்தப் படலத்தையே செஞ்சோம்னும் போட்டிருக்கீங்க. அப்ப என் ஓவன் இத ஒண்ணும் பண்ணியிருக்கக் கூடாதே?"

அவர் சொன்னது சரி. நான் எழுதிய காரணம் உண்மையென்றால் அந்தச் சில்லு அவர் அடுப்பிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்திருக்க வேண்டும்.

"சனிக்கிழமை விருது விழா ஹால்ல என் முன்னால எரியட்டும், கையெழுத்துப் போடுறேன். எரியலன்னா என்னைக் கேக்காதீங்க," என்று பலகையை என் பக்கம் தள்ளினார்.

திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. சுரேனின் மோட்டாரில் நனைந்தபடியே கடைக்கு வந்து சேர்ந்தோம். மத்தியானக் கூட்டம் நெரிந்தது. உட்கார மேசையில்லாமல், தேத்தண்ணி ஆற்றும் இடத்தில், கொதிகலன் பக்கத்தில் ஒதுங்கினோம். தண்ணீர் கொதித்து ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது. அத்தா பையிலிருந்த பலகையைப் பார்த்தார்.

"என்னா ஆச்சு?"

"செத்துப் போச்சு, அத்தா."

"சனிக்கிழமைக்குள்ள சரியாயிருமா? ஆளுங்கள எல்லாம் வரச் சொல்லிட்டேனே," என்றவர், நான் பதில் சொல்வதற்குள் இரண்டு ரொட்டி சானாய்க்குக் குரல் வந்ததால் ஓடிவிட்டார்.

நானும் சுரேனும் சண்டை போட ஆரம்பித்தோம். படலத்தைச் சரியாகச் செய்யவில்லை என்று நானும், கட்டுரையில் எதற்கு அவ்வளவு அடித்துச் சொன்னாய் என்று அவனும். பேசிக்கொண்டே அவன் பலகையை பேட்டரியில் மாட்டி, கை சும்மா இருக்காமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான். திடீரென்று பேச்சை நிறுத்தினான்.

"ஹுதா. இங்க பாரு."

விளக்கில் ஒரு பொட்டு வெளிச்சம். அழுத்தினான். இன்னும் கொஞ்சம். அழுத்த அழுத்தக் கூடியது. பேட்டரியைக் கழற்றி மாட்டினான். விட்ட இடத்திலிருந்தே எரிந்தது.

"பெரட்டுக்கு வந்துருச்சுலா!" என்று அவன் கத்தியதில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவர் குவளையைத் தவறவிட்டார்.

நான் கத்தவில்லை. கொதிகலனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு, காற்று காய்ந்திருக்கும் ஏர்கான் அறைக்குப் போனேன். அங்கே வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் விளக்கு மங்கியது. கல்லாவுக்குப் பின்னால் அத்தா அப்பளத்தைப் போட்டு வைக்கும் பெரிய தகரம் இருக்கிறது. மழைக்காலத்தில் அப்பளம் நமத்துப் போய்விடக் கூடாதென்று அதற்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை நிறையப் போட்டு இறுக மூடி வைத்திருப்பார். பலகையை அப்பளத்தின் மேல் வைத்து மூடினேன். சாயங்காலம் திறந்து அழுத்தினால் பிணம். கொதிகலனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் உயிர். மறுபடி தகரம், மறுபடி பிணம். மறுபடி ஆவி, மறுபடி உயிர். ஆய்வகத்திலிருந்து வேறு சில்லுகளையும் சுரேன் கொண்டுவந்தான். எல்லாம் ஒரே கதை.

ஆக்சிஜன் ஓட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காற்றிலிருக்கும் ஈரம் அந்தப் படலத்துக்குள் ஊறிப்போயிருக்கிறது. அதிலிருந்து பிரிகிற துகள்கள்தான் நகர்ந்து வழி போடுகின்றன. எங்கள் ஆய்வகத்தில் ஏர்கான் பாதி நாள் வேலை செய்யாது. மீதி நாள் ஜன்னலே மூடாது. பேராக் மாநில மழையின் ஈரம் உள்ளே நிறைந்திருக்கும். சில்லு ஒரு நாள்கூடக் காய்ந்து பார்த்ததில்லை. காற்றில்லாத பெட்டிக்குள் வைத்துச் சோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அந்தப் பெட்டிக்கு வரிசை நீளம் என்று நான்தான் விட்டுவிட்டேன். எங்கள் துறையில் இது வெட்கக்கேடான தப்பு.

அப்பளத்தைத் தேடிக்கொண்டு வந்த அத்தா தகரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒரே கரண்டு வாடையா இருக்கு," என்று முணுமுணுத்தார்.

சுரேன் சந்தோஷமாக இருந்தான். "முடிஞ்சது கதை. நல்ல பலகை ஒண்ண எடுத்துட்டுப் போறோம், கொஞ்சம் ஆவியும் காட்டிக் கொண்டு போறோம். எரியுது. சார் கையெழுத்துப் போடுறார். கட்டுரைய அப்புறம் மெதுவா திருத்தலாம்லா."

"அந்தக் காரணம் தப்புன்னு இப்ப நமக்குத் தெரியுமே, சுரேன்."

"சனிக்கிழமை மட்டும் தெரியாத மாதிரி இரேன்."

"கேடயத்துல அதத்தான் பொறிச்சிருக்காங்க. ஆக்சிஜன் ஓட்டைகளால ஞாபகம்னு. நான் அத கையில வாங்கி, சிரிச்சு, போட்டோ எடுத்துக்கணுமா?"

"யாரு ஹுதா அத படிக்கப் போறா?" அவன் குரல் இறங்கியது. "எங்க தாமான் குடியிருப்பு ஆளுங்க வேன் புடிச்சி வராங்க. தோட்டத்துலேர்ந்து ஒருத்தன் மேடை ஏறுறான்னு எங்கம்மா வீடு வீடா போயி சொல்லிட்டு வந்துருக்காங்க. அவுங்க முன்னாடி எழுந்து நின்னு, நாங்க எழுதுனது தப்புன்னு சொல்லச் சொல்றியா?"

எனக்கும் அந்த விருது வேண்டும். மனசார வேண்டும். நான் ஒன்றும் துறவி இல்லை. அத்தாவின் பேனர் வேண்டும், பொன்னாடை வேண்டும், ஹாலில் எல்லாரும் எழுந்து கைதட்டுவது வேண்டும். ஆனால் என்னைப் பொய்க்காரி என்று சொன்னதும் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது? நான் பொய் சொல்லவில்லை என்பதால்தானே. தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு அந்தக் கேடயத்தை வாங்கினால், அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இதைத்தான் சுரேனிடம் சொன்னேன். இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. நடுவே இரண்டு மூன்று தடவை அவனை முட்டாள் என்றேன்.

அவன் மோட்டாரை எடுத்துக்கொண்டு செமோருக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை மாலை ஹாலில் ஏர்கான் ஒரு போர்வை கேட்கிற அளவுக்குக் குளிர்ந்தது. சிறப்பு விருந்தினராக அழைத்திருந்த பிரமுகர் வழக்கம்போல் தாமதமாக வந்தார். அதுவரை ஒரு நடனக்குழு ஆடியது, மறுபடியும் ஆடியது. சுரேன் வெள்ளைச் சட்டையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் அம்மா மாரியம்மா புதுப் புடவையில், வேனில் வந்த ஆட்களோடு முன்வரிசையைப் பிடித்துவிட்டிருந்தார். அவர்களுக்குப் பக்கத்தில் அத்தா, தன் கடை ஆட்கள் புடைசூழ.

"எந்தப் பலகைய கொண்டாந்தே?" என்று சுரேன் மெதுவாகக் கேட்டான்.

"சார் ஓவன்ல வச்சதத்தான். இப்ப வரைக்கும் அப்பளத் தகரத்துலதான் இருந்துச்சு."

"அந்தச் செத்ததையா?" என்றவன் கால்சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "நல்லது ஒண்ணு என்கிட்ட இருக்கு. கடைசி நேரத்துல மனசு மாறுனா சொல்லு."

"மாறாது."

"தெரியும்லா. சும்மா கேட்டேன்," என்று பெருமூச்சு விட்டான். "சரி, பொத்தான நான் அழுத்துறேன். நீ பேசு. உனக்குத்தான் வாயி."

எனக்கு அந்த இடத்திலேயே அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. அத்தா முன்வரிசையில் இருந்ததால் செய்யவில்லை.

துளசி அக்கா எங்கள் பெயர்களைக் கூப்பிட்டார். மேடையில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் தனேஸ்வரன், பக்கத்தில் வெல்வெட் துணி போர்த்திய கேடயம். சுரேன் பலகையை வைத்துப் பொத்தானை அழுத்தினான். பெரிய திரையில் விளக்கைக் காட்டினார்கள். எரியவில்லை. மறுபடி அழுத்தினான். ஹாலில் சலசலப்பு எழுந்தது. யாரோ ட்ரோன் என்று சொல்வதும் என் காதில் விழுந்தது. மாரியம்மாவின் கை முந்தானைக்குப் போனது.

ஒலிவாங்கியைப் பிடித்தேன். "சார், இது நீங்க காய வச்ச அதே பலகைதானே? பாத்துச் சொல்லுங்க."

அவர் குனிந்து பார்த்தார். பின்பக்கம் தன் கையாலேயே போட்டிருந்த அடையாளத்தைக் காட்டினார். "அதேதான்."

"கொஞ்சம் கிட்ட வந்து இது மேல ஊதுங்க, சார்."

"என்னது?"

"கண்ணாடி தொடைக்க ஊதுவீங்கல்ல, அப்படி. வாயத் தொறந்து, சூடா."

ஹாலில் சிரிப்பு. தனேஸ்வரன் துளசி அக்காவைப் பார்த்தார், அக்கா மேலே பார்த்தார். கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து, சில்லின் மேல் நீளமாக ஊதினார். சுரேன் அழுத்தினான். திரையில் ஒரு பொட்டு வெளிச்சம். அவர் சொல்லாமலே மறுபடியும் ஊதினார். வெளிச்சம் கூடியது, இன்னும் கூடியது. சுரேன் பேட்டரியைக் கழற்றி, எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டி, மறுபடி மாட்டினான். விளக்கு விட்ட இடத்திலிருந்து எரிந்தது. முன்வரிசையிலிருந்து செமோர் ஆட்கள் போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கி கீச்சிட்டது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். கையெழுத்துக்கு இது போதும். சுரேன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றேன். "எங்க கட்டுரையில சொன்ன காரணம் தப்பு. அந்தக் கேடயத்துல பொறிச்சிருக்கிறதும் தப்பு. இதுக்கு ஞாபகத்தக் குடுக்கிறது ஆக்சிஜன் ஓட்டை இல்ல. ஈரம். சார் காய வச்சதாலதான் நாங்க கண்டுபிடிச்சோம். கட்டுரையத் திருத்தி எழுதிக்கிட்டு இருக்கோம். திருத்துன காரணத்துக்கு விருது குடுக்கிறதா இருந்தா குடுங்க. பழைய காரணத்துக்குன்னா எங்களுக்கு வேணாம்."

கைதட்டல் அறுந்தது. பிரமுகர் கடிகாரத்தைப் பார்த்தார். துளசி அக்கா வெல்வெட் துணியைத் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அதன் ஓரத்தைப் பிடித்தபடி நின்றார். என் குரல் நடுங்கவில்லை, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

தனேஸ்வரன்தான் பேசினார். "தண்ணி இருந்தாதான் வேலை செய்யும்னா, அது எப்படிம்மா சிப் ஆகும்? எங்க வேலையே தண்ணிய வெளியே வைக்கிறதுதான்."

"மூளை மாதிரி செய்யணும்னுதானே சார் எல்லாரும் ஆசைப்படுறோம்? உங்க மூளை காஞ்சா கெடக்கு?"

ஹால் வெடித்தது. சுரேன் தலையில் கை வைத்துக்கொண்டான். தனேஸ்வரனின் மீசைக்குக் கீழே சிரிப்பு வந்தது. அவர் ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கினார்.

"அடுத்தவங்க சாமான்ல தப்பு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். கண்டுபிடிச்சா செஞ்சவங்க சண்டைக்கு வருவாங்க. இந்தப் பொண்ணும் வந்துச்சு. ஆனா நான் கண்டுபிடிக்காத தப்பையும் சேத்து இன்னிக்கு அதுவே வந்து சொல்லுது. இந்த ரெண்டு பேரையும் பாராட்டலன்னா வேற யாரைப் பாராட்டப் போறோம்?" சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை உருவி அங்கேயே கையெழுத்துப் போட்டார். "கேடயத்த எங்கிட்ட குடுங்க, துளசி. எங்க ஃபேக்டரி லேசர்ல அந்த வரிய அழிச்சுட்டு, சரியானதப் போட்டுத் தாரேன்."

எனவே கேடயம் இல்லாமலேயே விருது தரப்பட்டது. பொன்னாடை போர்த்தப் பெற்றோரை மேடைக்குக் கூப்பிடுவது மன்றத்தின் வழக்கம். மாரியம்மா மகனுக்குப் போர்த்திவிட்டு அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. படம் எடுப்பவர் காத்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது அத்தா. பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பில்லை. நான் எழுதியது தப்பு என்று இவ்வளவு பேர் முன்னால் சொன்னது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். பேனர் கட்டிய மனிதர். ஊரெல்லாம் வரச் சொன்ன மனிதர்.

"அத்தா, கோவமா?"

"இரு. எனக்கு ஒண்ணு தெரியணும்." அவர் கேட்டது பக்கத்தில் தனேஸ்வரன் பிடித்திருந்த ஒலிவாங்கியில் ஹால் முழுக்கக் கேட்டது. "வேலை செய்யுதில்ல?"

"செய்யுது."

"ஏன் செய்யுதுன்னுதான் மாத்திச் சொல்லிட்டே?"

"ஆமா."

"ஈரம்னா? நல்லா தெளிவா சொல்லு."

"தண்ணி, அத்தா. தண்ணிதான் காரணம்."

அத்தா பொன்னாடையை என் தோளில் போர்த்தினார். ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். கீழே அவருடைய வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பல வருடச் சண்டையை விட்டுக்கொடுக்கிற குரலில் கேட்டார்:

"ஈப்போவுல பொறந்துட்டு, இது மொதல்லயே உனக்குத் தோணலையா, புள்ள?"